மைக்குக்குப் போன வழிகள்

திருப்பூர் மாவட்டம் ஊத்துக்குளி வட்டத்தில் இருக்கும் குன்னத்தூரில் வானொலி நிலையமும் கிடையாது, தொலைக்காட்சி நிலையமும் கிடையாது. வடக்கே கோபி, கிழக்கே பெருந்துறை, தெற்கே ஊத்துக்குளி, தென்மேற்கே பெருமாநல்லூர் வழியாகத் திருப்பூர் என்று நாலு பக்கமும் பஸ் போகிற பேரூராட்சி அது. 1979 வரை கோவை மாவட்டம், பிறகு ஈரோடு, 2009-லிருந்து திருப்பூர் என்று மூன்று மாவட்டங்களைக் கண்ட ஊர். காடு, தறி, பனியன் கம்பெனி என்று பிழைப்பு நடக்கும் இப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒரு பையனோ பெண்ணோ ரேடியோவிலோ டிவியிலோ வேலை பார்க்க ஆசைப்பட்டால், எந்த வழியாகப் போயிருக்க முடியும்? நூறு ஆண்டுகளில் இந்தக் கேள்விக்கான பதில் பலமுறை மாறியிருக்கிறது.

ஒலிபரப்பின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் குரல்களின் வரலாற்றையே எழுதுகிறார்கள். கொங்கு வட்டாரத்தில் பார்த்தால், குரல் கடைசியாக வந்த ஒன்று. ரேடியோவைப் பிரித்துப் பார்த்தவர்கள், வயலை அறிந்தவர்கள், கல்யாண வீட்டில் கேமரா தூக்கியவர்கள் ஆகியோர்தான் இந்தத் தொழிலுக்குள் முதலில் நுழைந்தார்கள்.

தொடக்கமே ஒரு பொறியாளரின் கையில்தான் நடந்தது. சென்னை மாநகராட்சியின் மின் பொறியாளர் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி இங்கிலாந்திலிருந்து உதிரி பாகங்களோடு திரும்பி, நண்பர்களைச் சேர்த்து 1924-ல் மதராஸ் மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கினார். அதே ஆண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பும் ஆரம்பித்தது. பணமில்லாமல் 1927-ல் கிளப் மூடப்பட, கருவியை மாநகராட்சி வாங்கிக்கொண்டு 1930-லிருந்து தானே ஒலிபரப்பியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்றும், திருச்சி நிலையம் 1939 மே 16 அன்றும் வந்தன. அதுவரை இது சம்பளம் தரும் தொழிலாகவே இல்லை, ஆர்வலர்களின் பொழுதுபோக்கு. நிலையங்கள் வந்த பிறகுதான் நிலைய வித்வான், அறிவிப்பாளர், நிகழ்ச்சி அமைப்பாளர், பொறியாளர் என்று பதவிகள் உண்டாயின.

கோவைப் பக்கம் அப்போது வேறொரு வேகம் இருந்தது. யு.எம்.எஸ். பஸ் கம்பெனியை நடத்திவந்த ஜி.டி. நாயுடு, ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தன்னால் தயாரித்துத் தர முடியும் என்று 1941-ல் அறிவித்தார். வெளிநாட்டுப் பெட்டிகள் வசதியுள்ளவர்களின் கூடத்தில் மட்டும் இருந்த காலம் அது. யு.எம்.எஸ். பெயரில் ரேடியோக்கள் கோவையிலேயே உருவாயின. மில், மோட்டார், பம்பு செட் என்று எந்திரத்தைத் தொட்டுப் பழகிய ஊர் என்பதால் ரேடியோவும் அங்கே சீக்கிரம் கைவந்த தொழிலானது. சிற்றூர்களின் கடைவீதிகளில் ‘ரேடியோ ரிப்பேர்’ பலகைகள் தோன்றின. வால்வை மாற்றுவது, சுருள் சுற்றுவது, ஈயம் வைப்பது எல்லாம் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து கற்றுக்கொள்ளும் வேலை. பிற்காலத்தில் டிரான்சிஸ்டர், டேப் ரெக்கார்டர், டிவி, டிஷ் ஆண்டெனா என்று எது வந்தாலும் அதே கடை, அதே மேசை அதற்கும் இடம் கொடுத்தது. இந்த வட்டாரத்தின் மின்னணு ஊடகத் தொழிலுக்கு முதல் பள்ளிக்கூடம் என்று சொல்ல வேண்டுமானால் அந்த மேசையைத்தான் சொல்ல வேண்டும்.

ஊருக்குள் ரேடியோ நுழைந்தது தனி வீட்டு வழியாக மட்டும் அல்ல. பஞ்சாயத்து ரேடியோ என்று ஒன்று இருந்தது. பூங்காவிலோ பஞ்சாயத்து அலுவலகத்திலோ பெட்டியை வைத்து, வெளியே குழாய் ஒலிபெருக்கியைக் கட்டிவிடுவார்கள். மாலையானால் ஒருவர் வந்து திருப்பிவிடுவார். சொந்தமாக வாங்கினாலோ தபால் நிலையத்தில் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். 1980களில் அந்த முறை எடுக்கப்படும்வரை லைசென்ஸ் இல்லாத ரேடியோ சட்டப்படி குற்றம். அதனால் பல ஊர்களில் செய்தியும் பாட்டும் பொதுச்சொத்தாகவே கேட்கப்பட்டன. கோயில் நோம்பிக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவரைக்கூட ‘ரேடியோ செட்காரர்’ என்றே ஊர் அழைத்தது. மைக்கைப் பிடித்து அறிவிப்புச் சொல்லும் ஆசை நிறையப் பேருக்கு அந்த நோம்பிப் பந்தலில்தான் முதலில் பிறந்திருக்கும்.

ஆசைக்கு வடிவம் கொடுத்தது கடல் கடந்து வந்த குரல். 1952-ல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலியிலிருந்து சினிமாப் பாட்டு ஏறத்தாழ ஒதுக்கப்பட்டது. 1950-ல் வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கியிருந்த இலங்கை வானொலி அந்த இடத்தை நிரப்பியது. 1957 அக்டோபர் 3 அன்று விவித பாரதி வந்தும் தமிழ்நாட்டு நேயர்கள் கொழும்பைக் கைவிடவில்லை. எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் என்று அறிவிப்பாளர்களின் பெயர்கள் நடிகர்களின் பெயர்களைப் போல ஊருக்கு ஊர் தெரிந்திருந்தன. அறிவிப்பாளர் என்பதே ஒரு வாழ்க்கைத் தொழில், அதற்கென்று கலையும் கட்டுப்பாடும் உண்டு என்பதைத் தமிழ்நாட்டு இளைஞர்களுக்குக் காட்டியவர்கள் இவர்கள்தான். ஹமீத் வானொலியில் நடத்திய ‘பாட்டுக்குப் பாட்டு’ பிற்பாடு சன் டிவிக்கே வந்தது.

இந்தத் தொழிலைத் தமிழில் முறையாக எழுதி வைத்தவரும் ஈழத்தவரே. சோ. சிவபாதசுந்தரம் இலங்கை வானொலியில் பணிபுரிந்து, பிறகு லண்டன் பி.பி.சி.க்குச் சென்று, அங்கே தமிழ் ஒலிபரப்புக்கு ‘தமிழோசை’ என்று பெயர் வைத்தார். மைக் முன் எப்படிப் பேசுவது, உரையையும் நாடகத்தையும் காதுக்காக எப்படி எழுதுவது என்பதையெல்லாம் ‘ஒலிபரப்புக் கலை’ என்ற நூலில் 1950களிலேயே விளக்கிவிட்டார். கல்லூரிகளில் ஊடகப் படிப்பு வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, தமிழ் மட்டும் தெரிந்த ஒருவர் இத்தொழிலைப் படித்துக்கொள்ள ஒரு புத்தகம் இருந்தது. அது இன்றைய பாடத்திட்டங்களில் இன்னும் பெரிய இடம் பெற வேண்டிய நூல்.

சென்னை, திருச்சி வானொலிகளுக்குள் போனவர்கள் பலரும் வேறு வேலையிலிருந்து வந்தவர்கள். தி. ஜானகிராமன் பள்ளி ஆசிரியராக இருந்து, பள்ளி ஒலிபரப்பைக் கவனிக்க வானொலிக்கு வந்தார். அகிலன் ரயில்வே தபால் பிரிவில் கடிதம் பிரித்தவர், 1966-ல் சென்னை வானொலியில் சேர்ந்தார். 1947-ல் டெல்லியிலிருந்து சுதந்திரச் செய்தியைத் தமிழில் வாசித்த பூர்ணம் விசுவநாதன் பின்னாளில் மேடைக்கும் திரைக்கும் போனார். டெல்லித் தமிழ்ச் செய்தியில் நீண்ட காலம் ஒலித்த சரோஜ் நாராயணசுவாமியோ வாழ்நாள் முழுவதும் செய்தி வாசிப்பாளராகவே அறியப்பட்டார். எழுத்து, உச்சரிப்பு, பொது அறிவு, குரல் இந்த நாலும் இருந்தால் கதவு திறந்தது. ஆனால் கதவுகள் மிகக் குறைவு, எல்லாம் தொலைவில்.

கோவைக்கு வானொலி நிலையம் வந்தது 1966-ல். மத்திய அலையில் 999 கிலோஹெர்ட்ஸ். பாட்டோடு நாடகமும் வந்தது. என்றாலும் கொங்கு நாட்டின் ஒலிபரப்புத் தொழிலை உண்மையில் திறந்துவிட்டது விவசாய நிகழ்ச்சி. அதே 1966-ல் அகில இந்திய வானொலி தன் நிலையங்களில் பண்ணை இல்லப் பிரிவுகளை அமைக்கத் தொடங்கியது. பசுமைப் புரட்சிக்கு விதையும் உரமும் மட்டும் போதாது, எந்த நாளில் எதைச் செய்வது என்று உழவருக்குச் சொல்ல ஆள் வேண்டும் என்பது அரசுக்குப் புரிந்திருந்தது. தஞ்சைப் பகுதியில் ஏ.டி.டி. 27 நெல் ரகத்தை உழவர்கள் வானொலி வழியாக அறிந்து பயிரிட்டதால் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் விழுந்தது.

இந்த நிகழ்ச்சிகளுக்கு இனிய குரல் மட்டும் இருந்தால் ஆகாது. மஞ்சளுக்கு எப்போது மண் அணைப்பது, கடலையில் எந்தப் பூச்சி எந்த மாதம் வரும், கிணற்றுத் தண்ணீர் குறைந்தால் என்ன போடலாம் என்பது தெரிந்த ஆள் வேண்டும். அதனால் வேளாண்மை படித்தவர்கள் வானொலிக்குள் நுழைந்தார்கள். கோவையிலேயே வேளாண் கல்லூரி இருந்தது, 1971-ல் அது பல்கலைக்கழகமும் ஆனது. விஞ்ஞானியைப் பேச வைத்து, அவர் சொன்னதை உழவர் பேச்சாக்கி, நடுவில் ஒரு பாட்டும் போட்டுக் கொடுப்பது தனித்திறமை. உரையாடல்களில் ‘வாங்க, உக்காருங்க, என்னங்க பண்ணியிருக்கீங்க’ என்று வட்டாரப் பேச்சுக்கும் இடம் கிடைத்தது. செய்தி வாசிப்பில் நுழைய முடியாத கொங்குத் தமிழ், வயல் வழியாக மைக்குக்கு வந்தது.

இந்த வழியின் உச்சத்தைத் தென்கச்சி கோ. சுவாமிநாதனிடம் காணலாம். வேளாண்மை படித்தவர் அவர். திருநெல்வேலி வானொலியில் விவசாய நிகழ்ச்சிகளில் தொடங்கி, சென்னைக்கு வந்து ‘இன்று ஒரு தகவல்’ சொல்லித் தமிழ்நாட்டின் காலை நேரத்தையே தன்வசமாக்கினார். 2009-ல் அவர் மறையும்வரை அந்தப் பேச்சில் வயலோர நிதானம் மாறவே இல்லை. ஊடகத்துக்குப் போக ஊடகத்தைத்தான் படிக்க வேண்டும் என்பதில்லை, வேறொன்றை ஆழமாகத் தெரிந்துகொண்டு போனவரின் குரல் அதிக நாள் நிற்கிறது என்பதற்கு இவரைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

நிரந்தர வேலைக்கு வெளியே இன்னொரு பெரிய கூட்டமும் நிலையங்களைச் சுமந்தது. தற்காலிக அறிவிப்பாளர்கள் என்று அவர்களைச் சொல்வார்கள். குரல் தேர்வில் தேறினால் மாதத்துக்குச் சில நாட்கள் அழைப்பு வரும், ஆறு நாளுக்கு மேல் கிடையாது. ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், இல்லத்தரசிகள், மாணவர்கள் என்று பலரும் வெளியூரிலிருந்து பஸ் ஏறி வந்து காலை ஒலிபரப்பைத் திறந்து வைத்திருக்கிறார்கள். இதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. ஆனால் ஒருவர் அறிவிப்பாளர் என்று ஊரில் பெயர் எடுக்க இதுவே பெரும்பாலும் இருந்த ஒரே வழி. அகில இந்திய வானொலியை நடத்தும் பிரசார் பாரதி 1997-ல் தன்னாட்சி அமைப்பாக உருவான பிறகும் நிரந்தர நியமனங்கள் பெருகவில்லை, தற்காலிகக் கைகள் தொடர்ந்தன.

தொலைக்காட்சியின் முதல் கட்டம் கொங்குச் சிற்றூர்களுக்குப் பார்ப்பதோடு நின்றுவிட்டது. சென்னை தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியபோது படம் சென்னையைச் சுற்றித்தான் தெரிந்தது. கொடைக்கானல் மலையில் உயர்சக்தி ஒளிபரப்பு வந்த பிறகுதான் மாடிகளில் ஆண்டெனாக்கள் அந்தப் பக்கம் திரும்பின. ‘வயலும் வாழ்வும்’, வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ எல்லாம் வீட்டுக்கு வந்தன. பூஸ்டர் வைத்துக் கொடுக்கிறவருக்கும் டயனோரா, சாலிடேர் பெட்டிகளைச் சரி செய்கிறவருக்கும் வேலை பெருகியது. நிலையத்துக்குள் போவதோ சென்னைக்காரர்களுக்கே கடினமாக இருந்தது.

பிறகு கேபிள் வந்தது. ரேடியோ ரிப்பேர் மேசை மறுபடியும் கைகொடுத்தது.

1991 வளைகுடாப் போருக்குப் பின் வானத்திலிருந்து தனியார் சேனல்கள் வரத் தொடங்கின. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி ஆரம்பமானது. டிஷ் வைத்து, மின்கம்பத்துக்குக் கம்பம் கேபிள் இழுத்து, இருநூறு மீட்டருக்கு ஒன்றாக ஆம்பிளிபயர் மாட்டி, வீட்டுக்கு வீடு மாதச் சந்தா வசூலிக்கும் தொழில் ஒரே மூச்சில் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர்கள், மின் வேலை தெரிந்தவர்கள், சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தவர்கள் கேபிள்காரர்கள் ஆனார்கள். இடி விழுந்தால் நடுராத்திரியிலும் ஏணி தூக்க வேண்டும். கரண்ட் போன தெருவில் ஆம்பிளிபயர் செத்தால் அடுத்த தெருவுக்கும் படம் வராது. 1995-ல் கேபிள் டிவி சட்டம் வந்தது. அதற்குள் அது ஊரறிந்த சுயதொழிலாகிவிட்டது.

கண்ட்ரோல் ரூமில் ஒரு வி.சி.ஆர். இருந்தால் காலியான ஒரு அலைவரிசையில் சொந்த சேனலே நடத்தலாம். அதுதான் லோக்கல் சேனல். பிறந்தநாள் வாழ்த்து, ஜவுளிக்கடை விளம்பரம், மாரியம்மன் கோயில் தேர், பள்ளி ஆண்டு விழா. அதற்குப் படம் எடுக்க ஆள்? கல்யாண வீடியோகிராபர்கள் தயாராக இருந்தார்கள். வி.எச்.எஸ். கேமராவும் ஃபோகஸ் லைட்டும் தூக்கிக்கொண்டு மண்டபம் மண்டபமாகப் போய்ப் பழகியவர்கள் அவர்கள். டேப்பில் மிக்சிங் போட்டார்கள். பிற்பாடு மினி டி.வி. கேசட்டுக்கு மாறினார்கள், கணினியில் எடிட்டிங் கற்றுக்கொண்டார்கள். முகூர்த்த நேரத்தில் தாலி கட்டும் ஒரு நொடியைத் தவறவிட முடியாது என்ற அழுத்தம், செய்திக் களத்துக்கு அவர்களைத் தயார்படுத்தியது. 2011-ல் புதிய தலைமுறை, 2012-ல் தந்தி டிவி என்று 24 மணி நேரச் செய்தி சேனல்கள் வந்தபோது மாவட்டங்களிலிருந்து படம் அனுப்ப அவற்றுக்கு நிறைய ஆட்கள் தேவைப்பட்டார்கள். திருமணக் கேமரா அந்தத் தேவைக்கும் ஓடியது. பல இடங்களில் செய்திக்கு இவ்வளவு என்ற கணக்கில்தான் கூலி. வண்டிக்குப் பெட்ரோலும் சொந்தக் காசு. தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சியின் பெருமையைப் பேசும்போது இந்தக் கூலி ஏற்பாட்டையும் சேர்த்தே பேச வேண்டும்.

வானொலிக்கு இரண்டாவது உயிர் எஃப்.எம். தந்தது. அலைவரிசை பொதுச்சொத்து, அரசின் தனியுடைமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அதன் பிறகு தனியாருக்கு உரிமங்கள் ஏலம் விடப்பட்டன. முதல் சுற்றிலேயே கோவை இடம்பெற்றது. சூரியன் 93.5, மிர்ச்சி 98.3, ஹலோ 106.4 என்று அடுத்தடுத்து வந்தன. இந்த நிலையங்களுக்குக் கிடைத்த நேயர் கூட்டம் எங்கே இருந்தது என்று பார்த்தால் பனியன் கம்பெனிகளைச் சொல்லாமல் முடியாது. ஓவர்லாக், பிளாட்லாக் மெஷின் முன் பத்து மணி நேரம் கண்ணும் கையும் துணியில் இருக்கும். காது மட்டும் சும்மா இருக்கும். பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவர்களுக்குப் பாட்டு ஓய்ந்தால் கையும் ஓய்ந்துவிடும் என்பது கம்பெனிக்காரர்களுக்கும் தெரியும். ஒடிசா, பீகார்த் தொழிலாளர்கள் பெருகிய பிறகு பொதுவாக ஒரே ஸ்பீக்கரில் பாட்டுப் போடுவது குறைந்து, ஆளுக்கு ஒரு ஹெட்செட் என்றானது.

எஃப்.எம். பேச்சு கொங்குத் தமிழைத் தயங்காமல் எடுத்துக்கொண்டது. ‘ஏனுங்க, எப்படி இருக்கீங்க’ என்று நேயரோடு தொலைபேசியில் பேசுகிறவர்தான் ஆர்.ஜே. ஆனால் ஒரு நிலையத்தில் ஆர்.ஜே.க்கள் கைவிரல் எண்ணிக்கையில்தான் இருப்பார்கள். எந்தப் பாட்டு எப்போது என்பதை மென்பொருள் முடிவு செய்யும். விளம்பர வாசகம் எழுதுகிறவர், குரலும் இசையும் சேர்த்து முப்பது நொடி விளம்பரம் செய்யும் ஒலிப்பொறியாளர், எந்த விளம்பரம் எத்தனை முறை என்று கணக்கு வைக்கிறவர், அவர்களுக்கெல்லாம் மேலே விற்பனைக்காரர்கள். திருப்பூரிலும் ஈரோட்டிலும் ஜவுளிக்கடை முதலாளிகளிடம் உட்கார்ந்து பேசி விளம்பரம் வாங்கி வருகிறவர் இல்லாமல் ஒரு நாள் ஒலிபரப்பும் நடக்காது. மைக் ஆசையோடு வருகிறவர்களிடம் கல்லூரிகள் முதல் வகுப்பிலேயே சொல்ல வேண்டிய உண்மை இது.

கல்லூரிகள் என்றால், சென்னை லயோலாவில் வேர்விட்ட காட்சித் தொடர்பியல் படிப்பு 2000-க்குப் பின் கோவையைச் சுற்றியுள்ள கலை அறிவியல் கல்லூரிகளுக்கெல்லாம் பரவியது. மக்கள் பேச்சில் ‘விஸ்காம்’. சமூக வானொலி இன்னொரு பயிற்சிக்களம். 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகம் நாட்டின் முதல் வளாக சமூக வானொலியைத் தொடங்கியது. குன்னத்தூருக்குக் கிழக்கே பெருந்துறையில் கொங்கு பொறியியல் கல்லூரியும் 90.4-ல் ஒன்றை நடத்துகிறது. நூறு வாட் சக்தி, சில கிலோமீட்டர் எட்டும் தூரம். ஆனாலும் மாணவர் ஒருவர் பதிவு செய்து, வெட்டி ஒட்டி, தன் குரலை ஊர்க்காரர் கேட்கச் செய்வது அங்கே சாத்தியம். முந்தைய தலைமுறைக்கு இதற்குத் திருச்சி வரையோ சென்னை வரையோ போக வேண்டியிருந்தது.

இத்தனை வழிகள் திறந்தும் ஒரு கதவு மட்டும் மூடியே இருக்கிறது. இந்தியாவில் தனியார் எஃப்.எம். நிலையங்களும் சமூக வானொலிகளும் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி இல்லை. அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே எடுத்துத் தரலாம். வானிலை, போக்குவரத்து, தேர்வு அறிவிப்பு, குடிநீர், மின்தடை போன்ற தகவல்களைச் சொல்லலாம். செய்தி அறை வைத்து நிருபரை அனுப்பக் கூடாது.

இது இந்த வட்டாரத்துக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்பதற்கு ஒரு நிகழ்வு போதும். நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலப்பது நிற்காததால் திருப்பூரின் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சாயம் நின்றால் பின்னலாடையும் நிற்கும். தைக்கிறவர், அயர்ன் போடுகிறவர், கம்பெனி வேனில் குன்னத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து போகிறவர் என்று அத்தனை பேரின் அடுத்த வாரக் கூலியும் அந்த உத்தரவில் அடங்கியிருந்தது. நொய்யலின் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே நிலம் கெட்டுப்போன உழவர்களுக்கோ அது நெடுநாள் காத்திருந்த நீதி. இரண்டு தரப்பும் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த தனியார் எஃப்.எம். நிலையங்களுக்கு, பட்டறைக்கும் அணைக்கும் மைக்கோடு ஒரு நிருபரை அனுப்பி அதைச் செய்தியாக்கும் உரிமை அன்றைக்கு இல்லை. இன்றைக்கும் இல்லை. அந்த வேலைக்கு ஆசைப்படும் குன்னத்தூர்ப் பிள்ளைக்கு இப்போது செய்தித்தாளும் செய்தி சேனலும் யூடியூபும்தான் இருக்கின்றன.